திருகாணியும் மரையாணியும்

தேசத்தில் தீராத பெரிய வழக்குகள் எத்தனையோ இருக்க, ஓர் இரும்பு ஆணிக்கு என்ன பெயர் வைப்பதென்ற விஷயத்தை இந்தப் பக்கத்துக்கு ஏன் கொண்டுவந்தோமென்று நேயர்களில் சிலர் வினவக்கூடும். வினவட்டும். 2010-ஆம் வருஷத்தில் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிகல் ஆகிய இரண்டு என்ஜினீயரிங் பிரிவுகளைத் தமிழ் மூலம் போதிக்கத் துவங்கிற்று. அன்று முதல் இது பண்டிதர்கள் திண்ணையிலிருந்து பேசும் விஷயமாக இல்லாமல், பரீட்சை எழுதும் பிள்ளையின் விஷயமாகிவிட்டது. ஆங்கிலப் பாடபுத்தகத்தில் 'போல்ட்' என்றும் 'ஸ்குரூ' என்றும் இரண்டு சொற்கள் நிற்கின்றன. இரண்டுக்கும் 'திருகாணி' என்றே தமிழில் எழுதிவிடுவது எளிது. இரண்டுக்கும் வெவ்வேறு சொல்லை இட்டுவிட்டு, எது எதைக் குறிக்குமென்று சொல்லாமல் நழுவுவது அதனினும் எளிது. இவ்விரண்டில் எதைச் செய்தாலும் அதன் கேடு புத்தகத்தோடு நில்லாது. பாலத்திலும் யந்திரத்திலும் போய் முடியும்.

நம்மவரில் கற்றோர் பலரிடம் ஒரு மயக்கம் உண்டு. ஆங்கிலத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் அளந்து வைத்தாற்போல் ஒரு பெயர் அமைந்திருக்கிறதென்றும், தமிழில்தான் சொற்கள் குழம்பிக் கிடக்கின்றனவென்றும் அவர்கள் எண்ணுகிறார்கள். இந்த இரண்டு சொற்களின் பிறப்பை விசாரித்தாலே அம்மயக்கம் தெளியும். 'போல்ட்' என்பது பழைய ஆங்கிலத்தில் அம்பைக் குறித்தது. வில்லில் பூட்டி எய்யும் குட்டையான, தடித்த அம்புக்கு வழங்கிய அப்பெயர், கதவை அடைக்கும் தாழுக்கு வந்து, பின்னர் இரண்டு தகடுகளை ஊடுருவிப் பிணைக்கும் இரும்புக் கோலுக்கும் வந்து சேர்ந்தது. அக்கோலில் திருகு வரை இருக்கவேண்டுமென்ற நியதியே ஆதியில் இல்லை. 'ஸ்குரூ'வின் கதை இன்னும் வேடிக்கையானது. அது பழைய பிரெஞ்சு பாஷையிலிருந்து வந்த சொல். அதே சொல் இன்றைய பிரெஞ்சில் 'எக்ரூ' என்று வழங்குகிறது. அதற்குப் பொருள் ஆணி அன்று, ஆணியை ஏற்கும் நட்டு! நுழையும் பொருளுக்கு, அதை வாங்கிக்கொள்ளும் பொருளின் பெயரைச் சூட்டிவிட்டு, ஆங்கிலேயர் பல நூற்றாண்டுகளாக நிம்மதியாக வேலை செய்து வருகிறார்கள்.

யந்திரத் தொழிலில் ஆங்கிலேயருக்குச் சற்றும் பின்வாங்காத ஜெர்மானியரோ, இவ்விரண்டையும் 'ஷ்ரௌபே' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். அதை ஏற்கும் நட்டுக்கு அவர்கள் 'முட்டர்', அதாவது தாய், என்று பெயர் வைத்திருப்பது நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர் இன்னொரு வழியில் சென்றனர். ஆணி மட்டும் தனியே இருந்தால் அது 'விஸ்'. நட்டும் சேர்ந்து ஜோடியாக நின்றால்தான் அது 'பூலோன்'. ஆகவே, ஆங்கிலத்தின் இரட்டைப் பெயர் இயற்கையின் கட்டளை அன்று. ஒரு ஜனசமூகம் தன் தொழிலை எப்படிப் பகுத்துப் பார்த்ததோ அதன் விளைவு. நாமும் பகுத்துப் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். ஆனால் எதைச் செய்கிறோமென்று அறிந்து செய்யவேண்டும்.

பகுப்பின் விவரத்துக்கு வருவோம். 'புரி' என்று கீழே நாம் எழுதுவது, ஆணியின் உடலிலோ துளையின் உட்சுவரிலோ சுற்றிச் சுற்றி ஓடும் வரையை. அந்தச் சொல்லைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

அமெரிக்க மெக்கானிகல் என்ஜினீயர்கள் சங்கத்தார் வகுத்த தர அளவில் காணும் இலக்கணத்தின் சாரம் இது. துளைகளை ஊடுருவிச் சென்று, மறுபுறத்தில் நட்டைத் திருகி இறுக்கவோ தளர்த்தவோ வேண்டுமென்ற நோக்கத்தோடு செய்யப்பட்டது போல்ட். துளைக்குள் முன்பே வெட்டிய புரியோடு பொருந்தியோ, தானே புரி வெட்டிக்கொண்டோ நின்று, தன் தலையைத் திருகுவதால் இறுகவும் தளரவும் வல்லது ஸ்குரூ. சுருங்கச் சொன்னால், திருகப்படுவது நட்டா, தலையா என்பதே கேள்வி. இரண்டு கோடிகளிலும் சந்தேகத்துக்கு இடமில்லை. மரவேலையில் வழங்கும் ஒரு போல்ட் உண்டு. அதன் தலை காளான் போல வழவழப்பாக இருக்கும். திருப்புளிக்குப் பள்ளமும் கிடையாது, ஸ்பேனருக்கு முகமும் கிடையாது. தலைக்குக் கீழே ஒரு சதுரக் கழுத்து மரத்தில் அழுந்திக்கொள்ளுமாதலால், தலையைத் திருகவே இயலாது, நட்டைத்தான் திருகியாகவேண்டும். அது சந்தேகமற்ற போல்ட். கூர்முனையுள்ள மர ஸ்குரூவுக்கோ உலகத்தில் எந்த நட்டும் பொருந்தாது. அது சந்தேகமற்ற ஸ்குரூ. வழக்கெல்லாம் நடுவிலே இருக்கும் அறுகோணத் தலையனைப் பற்றித்தான். அவனை நட்டோடும் சேர்க்கலாம், புரி வெட்டிய துளைக்குள்ளும் செலுத்தலாம். காலையில் போல்ட், மாலையில் ஸ்குரூ!

இந்த நடுவன் யாரென்று தீர்ப்பதற்கு அமெரிக்காவில் கோர்ட்டு ஏறியிருக்கிறார்கள் என்றால் நேயர்கள் நம்புவார்களோ மாட்டார்களோ! சர்வதேசச் சுங்க அட்டவணையில் 7318.15 என்ற இலக்கத்தின் கீழ் ஸ்குரூவும் போல்டும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன. நமது நாட்டு அட்டவணையிலும் அவ்விதமே. அமெரிக்க சர்க்கார் மாத்திரம் அதனைப் பின்னும் பிளந்து, போல்டுக்குப் பொதுவான தீர்வை இல்லையென்றும், 6 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிப்புள்ள சாதாரண ஸ்குரூவுக்கு நூற்றுக்கு 8.5 வீதமென்றும் வைத்திருக்கிறது. பிற்காலத்தில் ஏறிய விசேஷத் தீர்வைகள் வேறு விஷயம். ஒரே பெட்டியிலுள்ள ஒரே ஆணி, தன் பெயரை மாற்றிக்கொண்டால் நூறு டாலருக்கு எட்டரை டாலர் மிச்சம். வியாபாரி சும்மா இருப்பானா? இறக்குமதி செய்த ஒரு கம்பெனி தன் சரக்கு போல்ட் என்று வாதித்தது. சுங்க இலாகா ஸ்குரூ என்றது. 2001-ஆம் வருஷத்தில் அப்பீல் கோர்ட்டு சுங்க இலாகாவின் பக்கமே தீர்ப்பளித்தது. என்ஜினீயர்கள் சங்கத்தின் தர அளவே அதற்கு ஆதாரமாயிற்று. போல்டை ஸ்குரூவிலிருந்து பிரித்தறிவது எப்படி என்று அந்த இலாகா வியாபாரிகளுக்காகத் தனிப் பிரசுரமே வெளியிட்டிருக்கிறது. தலையின் அடிப்புறம் எப்படி, உடல் எவ்வளவு நேராக இருக்கிறது, புரி எவ்வளவு நீளம், முனை எத்தகையது என்று, பெண் பார்க்கப் போகிறவர்களைப் போல அதில் அங்க லட்சணம் சொல்லுகிறார்கள்.

இவ்வளவோடு விவகாரம் தீர்ந்ததா? இல்லை. சர்வதேசத் தர ஸ்தாபனத்தின் அளவு நூல்களைப் பிரித்தால் அங்கே வேறொரு சட்டம் ஆட்சி செய்கிறது. 4014 என்ற இலக்கமுள்ள தர அளவு அறுகோணத் தலை போல்டைப் பற்றியது. 4017 அறுகோணத் தலை ஸ்குரூவைப் பற்றியது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நட்டா தலையா என்ற பேச்சே அங்கு இல்லை. தலைக்கும் புரிக்கும் நடுவில் வழவழப்பான உடல் இருந்தால் அது போல்ட். தலைவரையில் புரி ஓடினால் அது ஸ்குரூ. நமது இந்தியத் தர நிர்ணயத்தாரும் இவ்வழியையே பின்பற்றி, ஐ.எஸ். 1364 என்ற தர அளவின் முதற் பகுதியில் போல்டையும் இரண்டாம் பகுதியில் ஸ்குரூவையும் வைத்திருக்கின்றனர். ஆகவே உடல் பாதி வழவழப்பான ஓர் ஆணியைப் புரி வெட்டிய துளைக்குள் இறுக்கினால், நமது நூலின்படி அது போல்ட். அமெரிக்கரின் இலக்கணப்படி ஸ்குரூவாக வேலை செய்கிறது. போதாக்குறைக்கு, 'செட் ஸ்குரூ' என்று லண்டன் கடையில் கேட்டால் தலைவரை புரியுள்ள அறுகோண ஆணி கிடைக்கும். நியூயார்க்கில் அதே வார்த்தையைச் சொன்னால் தலையே இல்லாத குட்டை ஆணியைக் கையில் வைப்பார்கள். ஆங்கிலத்தில் எல்லாம் தீர்ந்து கிடக்கிறதென்று இனியும் யாராவது நம்மிடம் சொன்னால், இந்த ஆணியை அவருக்கு அனுப்பிவைப்போம்.

பெயர் எப்படியாயினும் இரும்பு இரும்புதானே, இதில் உயிருக்கு என்ன ஆபத்து என்று கேட்பாருக்கு, இறுக்கும்போது உள்ளே நடப்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். இறுக்கிய போல்ட் அசையாமல் நிற்கும் கட்டை அன்று. இழுத்துப் பூட்டிய வில்லைப் போன்றது. நட்டைத் திருகத் திருக, ஆணியின் உடல் மயிரிழையளவு நீளுகிறது. நீண்டது சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்கத்தின் பலத்தாலேயே தகடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளுகின்றன. நாம் ஸ்பேனரில் செலுத்தும் முயற்சியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஆணியை இழுப்பதற்குப் போய்ச் சேருகிறது. ஏறக்குறைய பாதி, திருகப்படும் முகத்தின் அடியிலே உராய்வில் அழிகிறது. எஞ்சியது புரிகளின் உராய்வில் போகிறது. ஆதலால் எந்த முகத்தைத் திருகுகிறோம், அதன் அடியிலே என்ன இருக்கிறது, எண்ணெய் இட்டதா இல்லையா என்பவையெல்லாம் கணக்கில் சேரும். நட்டைத் திருகவேண்டிய இடத்தில் தலையைத் திருகினால், ஸ்பேனரில் அதே பலத்தைக் காட்டினாலும், உள்ளே அதே இழுப்பு உண்டாகுமென்று நிச்சயமில்லை.

இரண்டாவது, வெட்டுப் பலத்தைப் பார்ப்போம். 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெட்ரிக் போல்டின் வழவழப்பான உடலைக் குறுக்கே அறுத்தால் பரப்பு 201 சதுர மில்லிமீட்டர். புரி வெட்டிய பாகத்தில் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பரப்பு 157 தான். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஆணியைக் கத்தரிக்க முயலும்போது, அந்தக் கத்தரிப்பு வழவழப்பான உடலின்மேல் விழுந்தால் ஒரு பலம். புரியின்மேல் விழுந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த பலம். 2007-இல் வெளியான நமது உருக்குக் கட்டட விதித்தொகுப்பு, ஐ.எஸ். 800, இவ்விரண்டையும் வேறு வேறாகவே கணக்கிடச் சொல்லுகிறது. போல்ட் என்று வரைபடத்தில் எழுதியதைத் 'திருகாணி' என்று தமிழில் பெயர்த்து, தலைவரை புரி ஓடும் ஆணியைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுகிறவன், அறியாமலே அந்த ஐந்தில் ஒரு பங்கைத் திருடிவிடுகிறான். அவன்மேல் குற்றமில்லை. அவனுக்குக் கொடுத்த சொல்லின்மேல் குற்றம்.

மூன்றாவதே முக்கியமானது. ஓர் ஆணியை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் எது முதலில் அழியவேண்டும்? நட்டோடு சேர்ந்த போல்டில் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். ஆணியின் விட்டத்தில் எட்டு ஒன்பது பத்திலொரு பங்கு உயரமுள்ள சரியான நட்டை இட்டால், புரி வழித்துக்கொண்டு போவதற்கு முன் பெரும்பாலும் ஆணியே அறும். அறுந்ததைக் கண்ணால் காணலாம். சில ரூபாயில் வேறொன்று வாங்கிப் போடலாம். ஸ்குரூவின் கதை வேறு. அது புரியை வெட்டி வைத்திருக்கும் இடம் யந்திரத்தின் உடலே. அவ்வுடல் உருக்கானால் ஆணியின் விட்டமளவு ஆழம் பிடித்தால் போதும். வார்ப்பிரும்பானால் சுமார் ஒன்றரை மடங்கு வேண்டும். அலுமினியமானால் இரண்டு மடங்கு என்பது பட்டறைக் கணக்கு. அந்த ஆழமில்லாமல் இறுக்கினால் ஆணி முழுசாக இருக்கும். துளையின் புரி மாவாக உதிரும். அப்போது நஷ்டமாவது ஆணி அன்று, என்ஜினின் உடல். இதற்காகவே எத்தனையோ என்ஜின்களில் சிலிண்டர் தலையை ஸ்குரூவால் இறுக்காமல், இருபுறமும் புரியுள்ள தலையற்ற ஆணியை உடலில் ஒருமுறை நிரந்தரமாக நாட்டிவிட்டு, மேலே நட்டை இட்டுத் திருகுகிறார்கள். கழற்றி மாட்டும் தேய்மானமெல்லாம் மலிவான நட்டின் தலையில் விழுகிறது. நட்டைத் திருகுவதா, தலையைத் திருகுவதா என்ற கேள்வி இலக்கணக்காரரின் விளையாட்டு அன்றென்பது இப்போது விளங்கும். எது தேயவேண்டும், எது பிழைக்கவேண்டும் என்ற தீர்மானம் அச்சொல்லினுள்ளே அடங்கியிருக்கிறது.

பெயரை விட்டு உருவத்தை நம்பியதால் வந்த விபத்துக்கும் உதாரணம் உண்டு. 1990 ஜூன் 10-ஆம் தேதி பர்மிங்காமிலிருந்து ஸ்பெயின் தேசத்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகாய விமானம் சுமார் 17,300 அடி உயரத்தில் பறக்கையில், தலைமை விமானியின் எதிரிலிருந்த கண்ணாடி பெயர்ந்து வெளியே பறந்தது. விமானியின் உடலில் பாதி ஜன்னலுக்கு வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டு நிற்க, துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். தலைமை விமானி பிழைத்தது தெய்வ சங்கற்பம் என்றுதான் சொல்லவேண்டும். அந்தக் கண்ணாடி ஏறக்குறைய 27 மணி நேரத்துக்கு முன்தான் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தது. பிடித்து நின்ற 90 போல்டுகளில் 84 வேண்டிய தடிப்பில்லாதவை. மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. வேண்டியது '8-டி' என்ற இனம், இட்டவை '8-சி'. இரண்டுக்கும் தடிப்பில் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பழைய போல்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போன்றதைப் பண்டசாலையில் கண்ணால் பார்த்துப் பொறுக்கினார்கள். புத்தகத்தில் எழுதிய பெயரைப் பார்த்து எடுக்கவில்லை. ஓரெழுத்துக்கு எவ்வளவு விலை!

பெயர்கள் ஒத்துப்போயும் பொருள்கள் ஒத்துப்போகாத காலமும் உண்டு. அதை நீட்டாமல் விடுகிறோம். விட்வொர்த் என்பார் 1841-இல் இங்கிலாந்துக்கு 55 பாகைக் கோணப் புரியை வகுத்தார்; செல்லர்ஸ் என்பார் 1864-இல் அமெரிக்காவுக்கு 60 பாகையை வகுத்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் தோளோடு தோள் நின்ற இரு தேசங்களின் டாங்கிகளுக்கு ஒன்றின் போல்ட் மற்றொன்றுக்கு ஆகவில்லை. யுத்தமெல்லாம் முடிந்த பிறகு, 1948 நவம்பர் 18-ஆம் தேதிதான் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் வாஷிங்டனில் கூடி ஒரே புரிக்குக் கையெழுத்திட்டன.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்த் தொழிலாளி இச்சொற்களை ரயில்வே பட்டறைகளிலே கேட்டான். பெரம்பூரிலும், நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்குக் குடியேறிய பட்டறையிலும், வெள்ளைக்கார மேஸ்திரிகளின் வாயிலிருந்து வந்ததைக் காதால் பிடித்துப் 'போல்ட்டு', 'நட்டு', 'ஸ்பேனர்' என்று தன் நாவுக்குத் தக்கபடி ஆக்கிக்கொண்டான். அதில் இழிவொன்றுமில்லை. பின்னாளில் அதே பட்டறைகளில் வேலை நிறுத்தம் செய்து சர்க்காரை நடுங்கவைத்தவர்களும் 'போல்ட்டு' என்று சொன்னவர்களே. ஆனால் அவனிடம் சொந்தச் சொற்களும் இருந்தன, இருக்கின்றன. 'திருகு' என்ற வினையே அவனுடையது. 'திருப்புளி' அவனுடையது. 'மரை' அவனுடையது.

'திருகாணி' என்ற சொல்லை நமது பெண்மணிகள் தினந்தோறும் வழங்குகிறார்கள். காதுத் தோட்டைப் பின்புறத்தில் இறுக்கும் உறுப்புக்கு அதுவே பெயர். திருகாணி தொலைந்துபோனால் வீடே புரண்டு தேடும் காட்சியை நேயர்கள் அறிவார்கள். இங்கே சற்றுக் கவனிக்கவேண்டும். தோட்டின் தண்டு காதின் துளையை ஊடுருவி வெளிவருகிறது. அதன்மேல் வெட்டிய புரியில் பின்புறத்துத் துணுக்கைத் திருகி இறுக்குகிறார்கள். அமெரிக்க என்ஜினீயரைக் கேட்டால், தோடு என்பது போல்ட். திருகாணி என்பது நட்டு! தண்டு குழலாக இருந்து உள்ளே புரி வெட்டியிருந்தால், பின்னாலிருந்து நுழையும் சிறு ஆணி உண்மையாகவே ஸ்குரூ ஆகும். இரண்டுக்கும் நமது பத்தர்கள் திருகாணி என்ற ஒரே பெயரைத்தான் சொல்லுகிறார்கள். பிரெஞ்சு நட்டின் பெயர் ஆங்கில ஆணிக்குப் போன விநோதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடையில் இது யாரையும் கெடுக்காது. என்ஜினீயரிங் வகுப்பில் கெடுக்கும்.

'மரை' என்பதிலும் இதேபோன்ற இடறல் உண்டு. 'மரை போடுகிறான்' என்றால் புரி வெட்டுகிறான். 'மரை தேய்ந்துபோயிற்று' என்றால் புரி மழுங்கிற்று. 'மரை கழன்றவன்' என்று ஒருவனை ஏசும்போதோ, கழன்று விழுந்தது புரி அன்று, புரி கழலாது, நட்டுத்தான் கழலும். ஆகவே ஒரே சொல் புரிக்கும் நட்டுக்கும் பொதுவாக நிற்கிறது. இதைப் பிரித்தாகவேண்டும். நமது அபிப்பிராயம், ஏசும் வழக்கையே இலக்கணமாகக் கொள்ளலாம் என்பது. நட்டை 'மரை' என்போம். சுற்றி ஓடும் வரையைப் 'புரி' என்போம். முறுக்கிய நூலுக்குப் புரி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் என்றும் உள்ளதே. இவ்விதம் பிரித்துவிட்டால் மற்ற இரண்டும் தாமாகவே விழுந்து அமைகின்றன. மரையை ஏற்று, மரை திருகப்படுவதால் இறுகும் ஆணி 'மரையாணி'. தானே திருகப்பட்டு இறுகும் ஆணி 'திருகாணி'. அமெரிக்கச் சங்கத்தார் பல வரிகளில் எழுதிய இலக்கணம் இரண்டு தமிழ்ச் சொற்களின் உடம்பிலேயே அடங்கியிருக்கிறது. இச்சொற்களை நாம் புனையவில்லை; வழங்கிவருபவையே. எது எதற்கென்று வரம்பு கட்டுவது மட்டுமே நாம் செய்வது.

சர்வதேச நூலும் இந்திய நூலும் வேறு வழியில், அதாவது உடல் வழவழப்பா இல்லையா என்று, பிரிக்கின்றனவே. அதற்கு என் செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பெயரை மாற்றவேண்டியதில்லை. அடைமொழி சேர்த்தால் போதும். தலைவரை புரி ஓடுவது 'முழுப்புரி ஆணி'. பாதி வழவழப்பானது 'அரைப்புரி ஆணி'. எந்த ஆணி என்பது ஒரு சொல்லிலும், அது என்ன வேலை செய்கிறது என்பது மற்றொரு சொல்லிலும் நிற்கட்டும். ஆங்கிலத்தில் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஜோடிச் சொல்லைக் கொண்டு பதில் சொல்ல முயன்றதாலேயே கோர்ட்டு வரையில் போகவேண்டி வந்தது. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் ஏன் இறக்குமதி செய்யவேண்டும்?

சொல்லாக்கத்தில் அழகுக்கு ஆசைப்படுவதன் அபாயத்துக்கு ஒன்று சொல்லுகிறோம். வலப்பக்கம் திருகினால் இறுகும் புரிக்கு 'வலம்புரி' என்றும், சைக்கிளின் இடது பெடலில் இருப்பதுபோல எதிர்ப்பக்கம் இறுகுவதற்கு 'இடம்புரி' என்றும் பெயர் வைத்தால் எவ்வளவு இனிமை என்று யாருக்கும் தோன்றும். சங்கின் பெயர்; தமிழனின் மனம் குளிரும். ஆனால் பூஜையறையில் வைக்கும் வலம்புரிச் சங்கை எடுத்து அதன் சுருளைப் போல்டின் புரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அது சாதாரணப் புரிக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறது! பிராணி சாஸ்திரிகள் அதை இடச்சுருள் என்றே வகுத்திருக்கிறார்கள். சங்கை நம்பி இறுக்குகிறவன் தளர்த்திவிடுவான். 'வலத்திருகு', 'இடத்திருகு' என்ற வெறும் சொற்களே இங்கு உத்தமம்.

பரிபாஷை வேலை நமக்குப் புதிதன்று. 1916-இல் சேலத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரும் நண்பர்களும் சாஸ்திர பரிபாஷைக்கென்றே ஒரு சங்கம் கண்டு பத்திரிகையும் நடத்தினார்கள். பாரதியாரும் இதைப்பற்றி எழுதியிருக்கிறார். பின்னர் 1940-ஐ ஒட்டிய வருஷங்களில், சொற்கள் வடமொழியா தனித்தமிழா என்ற சண்டை மூண்டு, மேடைகளிலும் பத்திரிகைகளிலும் அனல் பறந்தது. அச்சண்டையில் இருதரப்பாரும் பேசியது சொல்லின் குலத்தைப் பற்றியே. சொல்லுக்குரிய பொருளின் எல்லை எது என்ற விசாரம் அந்த ஆரவாரத்தில் பெரும்பாலும் அமிழ்ந்துபோயிற்று. இன்றும் கலைச்சொல் பட்டியல் தயாரிப்போர் இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரு தமிழ்ச் சொல் என்று இரண்டு பத்தி எழுதிவிட்டுக் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறார்கள். மூன்றாவது பத்தி ஒன்று வேண்டும்: இப்பொருள் எந்த வேலையைச் செய்யும், எந்த வேலையைச் செய்யாது என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் இல்லாத பட்டியலைப் பாடபுத்தகக் கமிட்டியார் ஒப்புக்கொள்ளலாகாது.

அந்த வாக்கியத்தை எழுதப் பண்டிதர் ஒருவரே போதாது; வாத்தியார் ஒருவரே போதாது. லேத் யந்திரத்தின் முன் நிற்கும் பிட்டரையும் காதோலை செய்யும் பத்தரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கவேண்டும். சிலிண்டர் உடலில் நாட்டும் அந்தத் தலையற்ற, இருபுறப் புரி ஆணி இருக்கிறதே. ஒரு முனை திருகாணி, மறு முனை மரையாணி. ஆங்கிலத்தில் அதற்கு 'ஸ்டட்' என்று தனிப் பெயரே இருக்கிறது. கோயமுத்தூர், சென்னை, திருச்சிப் பட்டறைகளில் அதற்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களை அறிந்த தொழிலாளர்கள் எழுதி அனுப்புவார்களானால், எழுதியவாறே இப்பக்கத்தில் வெளியிடுவோம்.